நூகரத்னம் வீட்டு ஷவர்

அனகாபல்லி வெல்ல மண்டிப் பக்கம் நூகரத்னத்திடம் குழம்பு வாங்காத வீடு குறைவு. வீட்டில் குக்கரில் சோற்றை மட்டும் வைத்துவிட்டு, பருப்பும் புளுசு என்கிற புளிக்குழம்பும் பொரியலும் அவளுடைய கர்ரி பாயிண்டில் கவரில் கட்டி வாங்கிப் போகிறவர்கள்தான் அந்தத் தெருக்களில் பாதிப்பேர். கடுகு அரைத்துப் போட்ட பலாப்பிஞ்சு, எண்ணெய்க் கத்தரிக்காய், கோங்கூராக் கீரைப் பருப்பு, ஞாயிற்றுக்கிழமையானால் மீன் புளுசு. காலையில் அடுப்பு மூட்டினால் மத்தியானக் கூட்டம் கலைய மூன்று மணி தாண்டிவிடும். மறுபடி சாயங்காலம் ஒரு சுற்று.

வாணலிக்கு முன்னால் நின்று நின்று அவளுக்கு ஐம்பத்துமூன்று வயதாகியிருந்தது. மிளகாய்க் கமறலும் பூண்டு வாசனையும் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, "உங்ககிட்ட வந்து உக்காந்ததும் பசிக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். நூகரத்னம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மண்டிக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில்தான் குடித்தனம். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. கதவு என்று பேர் சொல்லி ஒரு தகரம். உள்ளே போய் இரண்டு செம்பு ஊற்றுவதற்குள் யாராவது தகரத்தைத் தட்டுவார்கள். புருஷன் சன்யாசிராவு லாரி ஓட்டினான். வெல்லம் ஏற்றிக்கொண்டு ஒரிசாப் பக்கம் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. பெண்ணை வளர்த்ததும் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் நூகரத்னம்தான். அதற்காக அவள் அவனைக் குறை சொன்னதில்லை; பெரிதாகப் பேசியதும் இல்லை. முழங்கால் தேய்ந்து வண்டி ஓட்ட முடியாமல் போனபின் அவன் வீட்டோடு வந்து சேர்ந்தான். கடையில் கவர்களுக்கு ரப்பர் போடுகிற வேலை அவனுக்கு.

பெண்ணின் பிரசவத்துக்கு ஹைதராபாத் போனபோதுதான் நூகரத்னம் முதல்முறையாக ஷவருக்கு அடியில் நின்றாள். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. தண்ணீர் மேலேயிருந்து வந்து பிடரியிலும் தோளிலும் அறைந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தவளைப் பெண் பார்த்துவிட்டு, "அம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கே, அழுதியா?" என்று கேட்டாள். "சோப்பு பட்டுடிச்சு" என்றாள் நூகரத்னம். அங்கே இருந்த நாள் மட்டும் காலையும் மாலையும் குளித்தாள். ஊருக்குத் திரும்பியபின் தனக்கென்று ஒரு வீடு வாங்கினால் ஷவர் வைத்துத்தான் வாங்குவது என்று நினைத்துக்கொண்டாள்.

வாங்கினாள். ஸ்டேஷன் போகிற வழியில் புதிதாக எழும்பிய நாலு மாடிக் கட்டடத்தில் கடைசி மாடி. வெயில் காயும் என்பதால் அதை யாரும் சீண்டவில்லை. அதனால்தான் அவள் கைக்கு எட்டியது. பால் காய்ச்சி, சொந்தக்காரர்களை அனுப்பிவைத்த கையோடு குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினாள்.

நூல் மாதிரி ஒரு தாரை வந்தது. அதுவும் நேராக விழாமல் ஷவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி வழிந்து, ஓரமாகவே ஓடி சாக்கடைக்குள் போய்விட்டது. அவள் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

அவள் உலர்ந்த தலையோடு வெளியே வந்ததைப் பார்த்து சன்யாசிராவு சிரித்தான்.

"என்ன ரத்னம், தண்ணி உன்னப் பாத்து வெக்கப்படுதா?"

"சிரிய்யா, நல்லாச் சிரி."

"பக்கெட்டும் செம்பும் எங்க போச்சு? இத்தன வருசம் அதுல குளிச்சுதானே உசுரோட இருக்கோம்."

"நான் அதுக்காகவா வீடு வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டு அவள் பிளம்பர் கொண்டபாபுவுக்குப் போன் போட்டாள்.

கொண்டபாபு அவளுடைய கடை வாடிக்கைக்காரன். எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும், அதற்கு முன்னால் வேலை செய்தவனைத் திட்டாமல் ஸ்பானரை எடுக்கமாட்டான். இந்தக் கட்டடத்தில் முன்னால் வேலை செய்தது அவனுடைய மச்சான்தான் என்று தெரிந்தும் திட்டினான். ஷவரின் தலையைக் கழற்றிக் காட்டினான். இந்த வீடு மட்டும் விலைபோகாமல் ஒரு வருஷத்துக்குமேல் சும்மா கிடந்ததில் போர்த் தண்ணீரின் உப்பு துளைகளில் வெள்ளையாக அப்பிக் கிடந்தது.

"இதுதான் அக்கா அடைப்பு. ஆசிட் ஊத்தினா போயிடும். ஆனா பளபளப்பும் சேந்து போயிடும்."

"ஆசிட் எதுக்கு? எங்கிட்ட புளி இல்லையா?"

புளுசுக்குக் கரைக்கிற கெட்டிப் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி அதை ஊறப்போட்டாள். காலையில் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது உப்பு மாவு மாதிரி உதிர்ந்தது. ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்திவிட்டாள். கொண்டபாபு வந்து திரும்ப மாட்டினான். இப்போது எல்லாத் துளையிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஆனால் வேகம் இல்லை; செடிக்குப் பூவாளியால் ஊற்றுவது மாதிரி. அதுவும் பாத்திரம் தேய்க்க வேலைக்காரிகள் வருகிற மூன்றரை மணிக்கு, அதாவது நூகரத்னம் கடையிலிருந்து வந்து குளிக்கிற அதே நேரத்தில், தாரை மெலிந்து சொட்டாகி நின்றுவிடும்.

கொண்டபாபு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். டேங்க் தரையிலிருந்து கொஞ்சம்தான் உயரத்தில் இருக்கிறது என்றான். அதிலிருந்து ஒரே ஒரு குழாய்தான் கீழே இறங்குகிறது. நாலு மாடிக்கும் அதுவே. கீழ்வீடுகளில் குழாய் திறந்தால் தண்ணீர் அவர்களைத் தேடித்தான் ஓடும், மேல்வீட்டுக்காரர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"டேங்க்லேருந்து உங்களுக்குன்னு தனிக் குழாய், நல்ல அகலமா ஒண்ணு இழுத்தா வேகம் வரும். ஆனா அதுக்கு அசோசியேஷன்ல சம்மதிக்கணும் அக்கா."

அசோசியேஷன் என்றால் மல்லேஸ்வரராவு. வெல்லத் தரகர், முதல் மாடி, செக்ரெட்டரி. அந்த மாதக் கூட்டம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு நடந்தது. எல்லோரும் லிப்ட்டைப் பற்றிப் பேசி முடித்ததும் நூகரத்னம் எழுந்தாள். தனிக் குழாய்ச் செலவு தன்னுடையது, சம்மதம் மட்டும் போதும் என்றாள்.

"ஷவர்ல குளிச்சாத்தான் கொழம்பு ருசிக்குமா நூகரத்னம்?" என்றார் மல்லேஸ்வரராவு. கூட்டம் சிரித்தது.

"கொழம்பு ருசி உங்களுக்குத்தான் தெரியுமேங்க. நேத்துகூட உங்க வீட்டுக்கு ரெண்டு கவர் போச்சு."

இப்போது வேறு சிலர் சிரித்தார்கள். மல்லேஸ்வரராவுக்கு அது பிடிக்கவில்லை.

"வேடிக்கை இருக்கட்டும். டேங்க்ல ஓட்டை போட்டா அப்புறம் ஒழுகும். ஒழுகினா மொத்தக் கட்டடமும் ஊறிப்போகும். இன்னிக்கு நீங்க ஒண்ணு இழுப்பீங்க, நாளைக்கு இன்னொருத்தர் இழுப்பார்."

இரண்டாவது மாடி அம்மாள் ஒருத்தி குறுக்கே புகுந்தாள். "மேல்மாடி மலிவுன்னு வாங்கும்போது இனிச்சுது. இப்ப தண்ணி வரலேன்னா நாங்க என்ன பண்றது?"

"சரிங்க, தனிக் குழாய் வேண்டாம். கீழ் வீடுகளுக்குப் போற வால்வைக் கொஞ்சம் மூடி வெச்சாக்கூட எங்களுக்கு ஏறும். உங்களுக்கு ஒண்ணும் குடி முழுகிடாது."

"சம்மதம்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மல்லேஸ்வரராவு, எப்படி முடியும் என்று தெரிந்த குரலில்.

நூகரத்னம் தன் கையைத் தூக்கினாள். கால்மணியாய்த் தூங்கிக்கொண்டிருந்த சன்யாசிராவுவை இடித்தாள், அவனும் தூக்கினான். மேல்மாடியில் இவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர் பானோஜிராவு பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தனியாக இருப்பவர். அவருக்கும் இதே நூல் தாரைதான் வரும். அவர் தன் செருப்பு வாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான்" என்றார் மல்லேஸ்வரராவு.

அந்த வாரமே நூகரத்னம் மோட்டார் வாங்கினாள். கொண்டபாபு கொண்டுவந்து காட்டியதுதான். தேங்காய் அளவுதான் இருக்கும். அவள் வீட்டுக்குள் வருகிற குழாயில் அதை மாட்டினான். ஷவரைத் திறந்ததும் தானாக ஓடும், மூடினால் நிற்கும். யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, அவள் வீட்டு எல்லைக்குள்தான் இருக்கிறது.

அன்று மத்தியானம் கைப்பிடியைத் திருப்பினாள். சுவருக்குப் பின்னால் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர் கொட்டியது. ஹைதராபாத்தில் விழுந்ததைவிட வேகமாக விழுந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். முடியிலிருந்து வழிந்த தண்ணீர் கொஞ்ச நேரம் மிளகாய் வாசம் அடித்தது, அப்புறம் வெறும் தண்ணீராகிவிட்டது. வெளியே சன்யாசிராவு, "ரத்னம், உசுரோட இருக்கியா?" என்று கத்தினான். அவளுக்குக் கேட்டது, கைப்பிடியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

சங்கராந்தி தாண்டி மாசி பிறக்கும்வரை அப்படிப் போனது. ஒருநாள் கடையில் எண்ணெய் தீர்ந்துபோய், வீட்டிலிருந்த டின்னை எடுக்க மாலையில் திரும்பி வந்தவள், மாடிப்படியில் பானோஜிராவுவைப் பார்த்தாள். லிப்ட் அன்று ஓடவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பக்கெட் தண்ணீர். ஒவ்வொரு படிக்கும் பக்கெட்டை வைத்து, மூச்சு வாங்கி, எடுத்து, மறுபடி வைத்து ஏறிக்கொண்டிருந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"என்ன பாபாய்காரு, ஏன் கீழேருந்து சுமக்கறீங்க? உங்க வீட்டுக் குழாய்க்கு என்ன?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"மக்கர்னா?"

"வருது, போகுது."

அவள் பக்கெட் ஒன்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் சரி என்று சொல்லவும் முடியாமல் ஒதுங்கி நின்றார். குளியலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது, மெதுவாக, ஆனால் வந்தது.

"வருதே?"

பானோஜிராவு சுவரைப் பார்த்தார்.

அவளுக்கு ஏதோ தோன்றியது. தன் வீட்டு வாசலுக்குப் போய், சன்யாசிராவுவிடம் ஷவரைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். வண்டுச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அவள் கண்முன்னாலேயே பானோஜிராவுவின் குழாயில் தண்ணீர் நின்றது. பிறகு குழாய் மூச்சு இழுப்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. உள்ளங்கையை அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். கையைக் குழாய் உள்ளே இழுத்தது.

மேல்மாடி இரண்டு வீட்டுக்கும் கிளை பிரிகிற இடம் ஒன்றுதான். அவளுடைய மோட்டார் டேங்கிலிருந்து இழுத்தது போதாதென்று அவர் வீட்டுக் குழாயில் இருந்ததையும் இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"நீங்க குளிக்கற நேரம் மட்டும்தாம்மா. அப்புறம் உங்க வீட்டுல துணி துவைக்கற நேரம். காத்து பூந்துட்டா மறுபடி தண்ணி வர நேரமாகும், அவ்வளவுதான்."

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? எதிர்வீடுதானே? பத்தடி நடந்தா என் கதவு."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு மீட்டிங்ல நீங்க கேட்டப்போ நான் கை தூக்கலை. எனக்கும் அதே கஷ்டம்தான். மல்லேஸ்வரராவு முகத்தப் பாத்துட்டு உக்காந்துட்டேன். நீங்க என்னையே பாத்தீங்க, அதுவும் தெரியும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க கதவத் தட்டறது?"

நூகரத்னத்துக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அன்னிக்குக் கையத் தூக்கிருந்தா இன்னிக்கு பக்கெட்டத் தூக்க வேண்டாமில்ல?" என்று சொல்லிவிட்டு எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

ஆனால் மறுநாள் மத்தியானம் குளியலறைக்குள் போனவளுக்கு ஷவர் கைப்பிடியில் கை வைக்க முடியவில்லை. தன் உள்ளங்கையைக் குழாய் இழுத்தது நினைவுக்கு வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, பக்கெட்டில் பிடித்துக் குளித்தாள். எரிச்சலோடு குளித்தாள்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்து பார்த்தாள். குளிக்கப் போகுமுன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "பாபாய்காரு, தண்ணி பிடிச்சு வெச்சுக்குங்க, நான் இப்ப..." என்று சொல்வது. "நான் இப்ப" என்பதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை. தனியாக இருக்கிற ஆண்பிள்ளையிடம் தினமும் போய், குளிக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவரும் கதவை முழுக்கத் திறக்காமல், "ஆகட்டும்மா, ஆகட்டும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லி மூடிக்கொள்வார். சன்யாசிராவுக்கு அது நல்ல வேடிக்கை. "மண்டில தண்டோரா போடறவன் சும்மாதான் இருக்கான், அவனக் கூப்பிடவா?" என்றான். ஒரு வாரத்தில் இருவருக்குமே அந்தச் சங்கடம் தாங்கவில்லை.

அவள் நேராக மல்லேஸ்வரராவுவிடம் போனாள். தனிக் குழாய் பற்றித்தான் என்று தெரிந்ததும் அவர் மண்டிக்கு நேரமாகிறது என்றார். மறுநாளும் நேரமாகிறது என்றார். அதற்கடுத்த நாள், "ஒருதடவ முடிஞ்சத மறுபடி கிளறாத நூகரத்னம்" என்றார்.

உகாதிக்கு முந்தின கொத்த அமாவாசை வந்தது. நூகாம்பிகை கோயில் ஜாத்திரை. அன்று அனகாபல்லியில் வீட்டில் இருக்கிறவன் நோயாளியாகத்தான் இருக்கவேண்டும். நூகரத்னம் அம்மன் பேரை வைத்துக்கொண்டவள். விடிகாலையிலேயே வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, கோழியை நேர்ந்துகொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டாள். கடை அன்று மூடல். கட்டடம் காலியாக இருந்தது. கொண்டபாபுவை முந்தினநாளே பிடித்துவைத்திருந்தாள்.

"அக்கா, செக்ரெட்டரிக்குத் தெரிஞ்சா என்ன இந்தத் தெருவுலயே நடக்க விடமாட்டார்."

"நாட்டுக்கோழிக் கொழம்பும் உளுந்து வடையும் பண்ணியிருக்கேன். வேல முடிஞ்சாத்தான் தட்டு போடுவேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பானோஜிராவு மடித்துக்கட்டிய வேட்டியோடு வெளியே வந்தார்.

"குழாய் பிடிக்க ஆள் வேணும்ல?" என்றார்.

"வம்பு வரும் பாபாய்காரு."

"வரட்டும்."

சன்யாசிராவு கீழே நாற்காலி போட்டுக் காவல் இருப்பது, யாராவது வந்தால் போன் அடிப்பது என்று பேச்சு. மொட்டைமாடியில் கொண்டபாபு பெரிய வால்வை மூடி, டேங்கில் பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டான். துளை போடும்போது பானோஜிராவு டேங்கை அணைத்துக்கொண்டு நின்றார். கறுப்புப் பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்து அவர் தோளில் விழுந்தது. வாஷர் போட்டு முடுக்கி, நல்ல அகலமான குழாய் ஒன்றை நேரே மேல்மாடி இரண்டு வீட்டுக்கும் இறக்கி, தனித்தனியாகப் பிரித்து ஒட்டினான். நல்ல வேலை, பசை காய்வதுதான் பாக்கி. நூகரத்னம் கீழே போய் குழம்பைச் சூடுபண்ணலாமா என்று யோசித்தபோது படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

மல்லேஸ்வரராவு இடுப்பில் துண்டோடு நின்றார். தலையிலும் காதிலும் சோப்பு நுரை, கண்ணைத் திறக்க முடியவில்லை. பொப்பிலியிலிருந்து ஜாத்திரைக்கு வந்த சம்பந்தி வீட்டாரும் அவருமாக, நெரிசல் தாங்காமல் சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார்களாம். வேர்வை போகக் குளிக்க நுழைந்தவருக்கு நடுவில் தண்ணீர் நின்றுபோனது. சன்யாசிராவுவைப் பற்றிக் கேட்கவேண்டாம். போன் வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது, அவன் டீக்கடையில் இருந்தான்.

"யார் டேங்க்ல கை வெச்சது? யாரக் கேட்டு வெச்சது?" என்று ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு கத்தினார். கொண்டபாபு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

நூகரத்னம் வாயைத் திறப்பதற்குள் பானோஜிராவு முன்னால் வந்தார்.

"துளை போடச் சொன்னது நான்."

"நீங்களா? நீங்க பேசவே மாட்டீங்களே!"

"என் வீட்டுக்கும் சேத்துத்தான் போட்டது. மீட்டிங் கூட்டறதுன்னா கூட்டுங்க, என் பேர மொதல்ல சொல்லுங்க." இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

மல்லேஸ்வரராவு ஏதோ சொல்லப் பார்த்தார். நுரை வாய்க்குள் போய்விட்டது.

"மொதல்ல கண்ணக் கழுவுங்க, அப்புறமா சண்ட போடலாம்" என்று நூகரத்னம் அங்கே பிடித்துவைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவர் கையில் மெல்ல ஊற்றினாள். அவர் முகத்தைக் கழுவினார். தலையைக் காட்டினார், அதிலும் ஊற்றினாள். மொட்டைமாடியில் அப்படியே அவருடைய குளியல் முடிந்தது. கழுவி முடித்தபின் கத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. எப்போது தண்ணீர் வரும் என்று மட்டும் கேட்டார். பசை காயணும்ங்க என்றான் கொண்டபாபு, தொட்டிக்குப் பின்னாலிருந்து.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி ஈஸ்வரம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள். சமையலறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அரிசி களைய வழியில்லை, சம்பந்திகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்த ஆளு உங்ககிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கறாரே, அவங்களுக்கு நான் என்னத்தப் போடுவேன்?" என்று நூகரத்னத்திடமே கேட்டாள்.

கோழிக் குழம்புப் பாத்திரமும் வடைக்கூடையும் முதல் மாடிக்கு இறங்கின. கொண்டபாபுவுக்கு மிச்சம்தான் கிடைத்தது. அதை அவன் வெகுநாள் சொல்லிக்காட்டினான். சம்பந்தி அம்மாள் குழம்பை யார் வைத்தது என்று கேட்டாளாம். மேல்மாடிக்காரங்க என்று மல்லேஸ்வரராவு சொன்னாராம். கடைக்காரி என்று சொல்லவில்லை என்று ஈஸ்வரம்மா பின்னால் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் அவர் விடவில்லை. அனுமதியில்லாமல் இனி யாரும் டேங்கைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டார். போட்ட குழாயைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலையும்போது மூன்றாவது மாடிக்காரர் கொண்டபாபுவின் நம்பரை நூகரத்னத்திடம் ரகசியமாக வாங்கிக்கொண்டார்.

மோட்டாரைக் கழற்றி ஈயம் பித்தளைக்காரனிடம் போடாமல், ஊரில் தம்பி வீட்டுக் கிணற்றுக்கு அனுப்பினாள். தனிக் குழாயில் மோட்டார் அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் போதுமான வேகம். கீழே எத்தனை வேலைக்காரிகள் எத்தனை குழாயைத் திறந்தாலும் குறையவில்லை. பானோஜிராவு வீட்டிலும் வந்தது. ஷவரில் குளிக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டாள். "இல்லம்மா, தலைல பொதக்குனு விழுந்தா எனக்குப் பயம்" என்றார் அவர்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. குழாய் போட்ட மறுவாரமே வெயில் பிடித்துக்கொண்டது. கறுப்பு டேங்க் காலையிலிருந்து மொட்டைமாடியில் காய்ந்து, மத்தியானம் மூன்றரை மணிக்கு அவள் கைப்பிடியைத் திருப்பியபோது, வந்தது ரசம் வைக்கிற சூட்டில் தண்ணீர். அலறிக்கொண்டு வெளியே குதித்தாள். "இப்பத்தான் நல்லா வேகமா வருது போல" என்றான் சன்யாசிராவு.

அதற்கும் வழி பார்த்தாள். டேங்கைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினால் சூடு தணியும் என்று ஈஸ்வரம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். இரண்டுநாள் கழித்து மண்டியிலிருந்து ஒரு கட்டுச் சணல் சாக்கு வந்து இறங்கியது, மல்லேஸ்வரராவு அனுப்பியது. எல்லாம் வெல்லம் கட்டின சாக்கு. அவளும் பானோஜிராவும் அவற்றைக் கட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு இறங்கினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மொட்டைமாடிச் சுவரிலிருந்து டேங்கின் மூடிவரை எறும்பு ஊர்வலம்.

நூகரத்னம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்குகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்தாள். புதுக் குழாய் மொட்டைமாடியில் இறங்குகிற இடத்தில் கொண்டபாபு வைத்திருந்த சின்னக் குழாயைத் திறந்துகொண்டாள். தண்ணீர் நன்றாகவே வந்தது.